இடது மூலையில் இரண்டு இலைகள்

வெள்ளைத் தாளில் ஒரு மூலை காலியாகக் கிடந்தால் சியூ யுன்னுக்குச் சோறு இறங்காது. தாவரப் படம் வரைகிறவர்களுக்கு இருக்கவே கூடாத வியாதி இது. அந்தத் தொழிலில் வெள்ளைதான் சட்டம். செடி மட்டும் இருக்கும். மண் இருக்காது, வானம் இருக்காது, பக்கத்தில் முளைத்த புல்லுக்கும் இடம் கிடையாது. பூ, இலை, தண்டு, வேர், பிளந்து வைத்த மொட்டு, அவ்வளவுதான். சுற்றிலும் வெறுமை. அந்த வெறுமையைப் பார்த்துத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் படத்தை நம்புகிறார்கள். சியூ யுன்னுக்கோ அதைப் பார்த்தால் கை அரிக்கும்.

போர்னியோத் தீவின் கூச்சிங் நகரில் ஒரு தாவரக் காப்பகத்துக்காகப் பல வருடங்களாக நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறாள். வரைந்து முடித்த படத்தின் ஓரத்தில் ஓர் எறும்பையோ உதிர்ந்த இதழையோ வைத்துவிடுவாள். ஆர்க்கிட் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஜுரைனா பார்த்துவிட்டுக் கத்துவாள்.

"அக்கா, இது பூவோட படமா, பூவோட குடும்பப் படமா? எறும்பைத் தூக்குங்க."

சியூ யுன் முணுமுணுத்துக்கொண்டே ஈரத் தூரிகையால் எறும்பை ஒற்றி எடுப்பாள். நல்ல தாள் என்றால் தடம் தெரியாது. ஆனால் சில சமயம் ஜுரைனா கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதும் உண்டு. அன்றைக்கு சியூ யுன் மீன் வாங்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வீட்டுக்குப் போவாள்.

அவள் பிறந்தது ஹக்காச் சீனர் வீட்டில். கட்டிக்கொண்டது சரிங் மலையடிவாரத்து பிடாயூ பழங்குடிப் பையன் லூக்காஸை. இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த காலத்தில், பெண் கேட்க வந்தவன் லூக்காஸின் தம்பி கயோன் ஒருவன்தான். லூக்காஸ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய பிறந்த வீட்டுக்காரர்கள், இனி அந்தக் காட்டு உறவு எதற்கு என்று சாடையாகச் சொன்னார்கள். கயோன் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு அறுவடைத் திருநாளுக்கும் மூங்கிலில் வெந்த கோழியைச் சூடு ஆறாமல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவான். "அண்ணன் இல்லன்னா அண்ணி இல்லாமப் போயிடுவாங்களா?" என்பான். பிள்ளை இல்லாத அவளுக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது அந்த ஊர்தான்.

அந்த கயோன்தான் போன வருடம் ஃபோன் செய்தான்.

"அண்ணி, ஒரு பூ பாத்தேன். வெத்தலப் பை தொங்குற மாதிரி தொங்குது. மலைக்குப் பின்பக்கம், சுண்ணாம்புப் பாறையில. எங்க ஊருல யாரும் பாத்ததில்ல. உங்க டாக்டரம்மா பாத்தா மயங்கி விழுந்துடுவாங்க."

ஜுரைனா மயங்கி விழவில்லை, பாறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பை போன்ற உதடுள்ள ஆர்க்கிட்டுகள் போர்னியோவில் ஏற்கெனவே உண்டு. இது யார் ஏட்டிலும் ஏறாதது. ஒரே பாறை முகப்பில், கை எட்டும் உயரத்தில், ஒரு குடும்பம் மாதிரி கும்பலாக நின்றது. மலை ஊருக்குச் சொந்தமானது. தலைவர் ரிகெமின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஓர் இலையைக்கூட வெளியாள் எடுக்க முடியாது. கயோன் தன் தலையைப் பணயம் வைத்து வாக்குக் கொடுத்திருந்தான்: ஒரு பூத்தண்டு ஆராய்ச்சிக்கு, ஒரு படம், அதற்கு மேல் எதுவும் இல்லை, இடம் வெளியே போகாது.

செடியைப் பறிக்கக் கூடாது என்பதால் சியூ யுன் பாறைக்கு எதிரே உட்கார்ந்துதான் வரைந்தாள். காட்டில் நீர்வண்ணம் என்பது பெரிய தொல்லை. தாள் காயவே காயாது. ஒரு பூச்சு உலர்வதற்குள் அடுத்ததை வைத்தால் சேறாகிவிடும். பையின் நிறம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மங்குஸ்தீனைப் பிளந்தால் தோலின் உட்பக்கம் தெரியுமே, அந்தச் சிவப்பு. அதன் மேல் பச்சைக் கோடுகள். விளிம்பில் மட்டும் ஒரு பளபளப்பு. பளபளப்புக்கு வெள்ளைச் சாயம் வைக்கக் கூடாது. தாளின் வெள்ளையையே தொடாமல் விட வேண்டும். ஒரு தடவை தொட்டுவிட்டால் திரும்பி வராது. சின்னக் காகிதத் துண்டில் நிறத்தைத் தடவி, பூவின் பக்கத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி கலக்கினாள். கயோன் குடையைப் பிடித்தபடி பின்னால் நின்றான்.

"அண்ணி, இந்தப் பூவப் பாக்குற பார்வைய எங்க அண்ணனை ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

"உங்க அண்ணன் இவ்வளவு நேரம் ஆடாம அசையாம உக்காந்திருந்தா பாத்திருப்பேன்."

"அது சரி. அந்த மனுசன் தூங்கும்போதும் காலாட்டுவாரு." கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அவனால் அதற்கு மேல் முடியாது. "பேரு என்ன வைப்பாங்க?"

"டாக்டரைக் கேளு."

ஜுரைனா பக்கத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். கயோன் தொண்டையைச் செருமினான். "டாக்டரம்மா, கண்டுபிடிச்சவன் பேர வைக்கிற வழக்கம் உண்டாமே? என் பேரு ஒண்ணும் அசிங்கமான பேரு இல்ல."

ஜுரைனாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "வைக்கணும்னு ஆசைதான் கயோன். ஆனா திருடனுங்க மொதல்ல தேடுறது அதைத்தான். உன் பேர வச்சா, யார் இந்த கயோன், எந்த ஊருன்னு கேட்டுட்டு நேரா இங்க வந்து நிப்பானுங்க. கட்டுரையில ஊர் பேரு, மலை பேரு, தேதி, எதுவும் போட மாட்டோம். உன் பேரும் வராது."

கயோனின் முகம் ஒரு நொடி வாடியதை சியூ யுன் பார்த்தாள். உடனே சிரித்துவிட்டான். "சரி விடுங்க. பூவுக்காகப் பேரில்லாதவனா இருந்துட்டுப் போறேன். என் பொண்டாட்டிகிட்டக்கூட எடம் எங்கன்னு சொல்லல. அவ என்னடான்னா நான் வேற எவளையோ பாக்கப் போறேன்னு நெனைக்கிறா."

கூச்சிங்குக்குத் திரும்பி, பெரிய தாளில் படத்தை முடித்தபோது சியூ யுன்னுக்கே அதை நம்ப முடியவில்லை. ஆயுசுக்கும் அவள் கை இப்படி ஒன்றைச் செய்ததில்லை. முறுகித் தொங்கும் இதழ்களின் ஓரத்து மயிர்கூட ஒற்றை முடித் தூரிகையால் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் இடது மூலை காலியாக இருந்தது. செடி வலது பக்கம் சாய்ந்து நின்றதால் அந்த மூலை ஒரு பல் விழுந்த இடம் மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தது. பாறையில் வரைந்த குறிப்புத் தாளைப் புரட்டினாள். ஆர்க்கிட்டின் வேருக்குக் கீழே பாசியில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னச் செடி இருந்தது. ஒரு பக்கம் பெருத்து மறு பக்கம் சிறுத்த கோணல் இலை, அடிப்பக்கம் சிவப்பு, இலை முழுக்கச் சிவந்த மயிர். பெகோனியா வகை. காட்டில் எங்கு பார்த்தாலும் கிடப்பது என்று நினைத்தாள். இரண்டு இலைகளை மட்டும் மூலையில் வைத்தாள். படம் சட்டென்று மூச்சு விட்டது.

ஜுரைனா படத்தைப் பார்த்தவள் கத்தவில்லை. "அக்கா, இதுல நான் எதையும் எடுக்கச் சொல்ல மாட்டேன்" என்றாள். படம் ஆராய்ச்சி இதழின் அட்டையில் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். சியூ யுன் அந்த இதழை வாங்கித் தன்னுடன் பேசாத தன் அக்காள் வீட்டுக்குக்கூட ஒரு பிரதி அனுப்பினாள். கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வந்தால் என்ன, அவ்வளவு வருடம் குனிந்தே இருந்த தலைதானே.

இந்த வருட மழைக்காலம் முடிந்து கயோன் மலைக்குப் போனான். பாறை மொட்டையாக இருந்தது. பாசியோடு சேர்த்து உளியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஒரு கன்றுகூட மிச்சமில்லை. இறங்கி வந்து தலைவரிடம் அவனே சொன்னான். ஜுரைனாவுக்கும் அவனே ஃபோன் செய்தான்.

ஜுரைனா சியூ யுன்னின் வேலை அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எல்லாம் போச்சு அக்கா. யார் சொல்லியிருப்பாங்க? நமக்கு, தலைவருக்கு, கயோனுக்கு, இவ்வளவு பேருக்குத்தான் தெரியும். தலைவர் முழங்கால் வலியில மலை ஏறுறதே இல்ல. நான் என் புருசன்கிட்டக்கூட வாயத் தொறக்கல."

அந்தப் பூவை சியூ யுன் அளவுக்குப் பார்த்தவர்கள் உலகத்தில் யாரும் கிடையாது. யார், எப்படி என்று எந்த விடையும் கிடைக்காமல் ஒரு பெரிய ஓட்டை அங்கே நின்றது. ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது.

"கயோன் வீட்டுக்குப் புதுசா தகரக் கூரை போட்டிருக்கான்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவன் விற்றான் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஜுரைனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். சியூ யுன் தூரிகையைக் கழுவத் தொடங்கினாள். நாக்கு செய்த வேலை உள்ளே எங்கேயோ குத்தியது. ஆனால் அந்தக் கூரை நிஜம்தானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். கூரைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கயோனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த வாரம் கயோனே ஃபோன் செய்தான். எடுத்ததும் சிரிக்கிற பழக்கமுள்ளவன் சிரிக்கவில்லை.

"அண்ணி, ஊருல என்னைத்தான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் ஊர்ச் சபை கூடுது. வாக்குக் குடுத்தவன் நான்தானே, பதில் சொல்லுன்னு தலைவர் சொல்லிட்டாரு. குத்தம்னு முடிவாச்சுன்னா இனிமே நான் மலையில கால் வைக்கக் கூடாது. சபையில வாய் தொறக்கக் கூடாது. எல்லாத்தையும்விட, என் பொண்டாட்டி சுதியால வெளிய தல காட்ட முடியல அண்ணி. ஓடைக்குத் துணி தொவைக்கப் போனா பேச்சு நின்னுபோவுதாம்." குரலைத் தாழ்த்தினான். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். என்னை இத்தனை வருசமா தெரியும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"இந்த வாரம் ஒரு வேலை முடிச்சுக் குடுக்கணும் கயோன். பாக்குறேன்" என்றாள் சியூ யுன்.

"பாருங்க அண்ணி" என்று அவன் நம்பிக்கையோடுதான் ஃபோனை வைத்தான்.

அவள் சொன்ன வேலை பொய்யில்லை. காப்பகத்தில் வேறொருவர் பெகோனியாக்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கூண்டுகளில் வளர்த்த செடிகளை ஒவ்வொன்றாக அவள் மேசைக்கு அனுப்பினார். வியாழக்கிழமை வந்த தொட்டியை முன்னால் வைத்து, தாளை நனைத்து, வேலையில் இறங்கினாள். பச்சையின் அடியில் கொஞ்சம் செம்மண் நிறம், அது ஈரமாக இருக்கும்போதே சிவப்பு. கலவை முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. இப்படி ஒருபோதும் வராது. நிறம் பார்க்கும் துண்டுக் காகிதத்தைக்கூட அவள் எடுக்கவில்லை. கோணல் இலையின் பெருத்த பக்கம் வளைந்து, மயிர்கள் விளிம்பில் எழுந்து, கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இந்த இலையை இந்தக் கை முன்பே வரைந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

தொட்டியில் செருகியிருந்த அட்டையைத் திருப்பினாள். செடியின் பெயரும், பல வருடங்களுக்கு முன்பே அதைப் பற்றி வந்த கட்டுரையின் பெயரும் இருந்தன. அதன் கீழே இருந்த வரியை இரண்டு முறை படித்தாள். கிடைக்கும் இடம்: சரிங் மலை மட்டும். வேறெங்கும் இல்லை.

சுண்ணாம்பு மலைகள் அப்படித்தான். ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. ஒரு மலையின் பெகோனியா பக்கத்து மலைக்குப் போகாது. ஆர்க்கிட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் அது படவில்லை. பெகோனியா தெரிந்த ஒருவனுக்கு அட்டைப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் மலையின் பெயர் தெரிந்திருக்கும். ஊர் பேரை மறைத்தார்கள், தேதியை மறைத்தார்கள், கண்டுபிடித்தவனுக்கு அவன் ஆசைப்பட்ட பேரைக்கூடக் கொடுக்காமல் மறைத்தார்கள். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, விலாசத்தை மட்டும் அவள் மயிர் மயிராக, நிறம் பிசகாமல், இடது மூலையில் எழுதி வைத்திருக்கிறாள்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஜுரைனாவின் அறைக்குப் போய் அவள் மேசையில் வைத்தாள். ஜுரைனா தொட்டியைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்காததிலேயே சியூ யுன்னுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

"உனக்குத் தெரியுமா?"

ஜுரைனா ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வெளிநாட்டு ஆர்க்கிட் வியாபாரிகள் பேசிக்கொள்ளும் தளம். சியூ யுன்னின் படத்தை யாரோ போட்டு, இடது மூலையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். ஓவியருக்கு நன்றி என்று கீழே எழுதி, கண்ணடிக்கிற முகம் ஒன்றும் வைத்திருந்தான்.

"போன வாரமே பாத்தேன்" என்றாள் ஜுரைனா.

"போன வாரமேவா? அங்க ஒருத்தன் தலைகுனிஞ்சு நிக்கிறான், தெரியுமில்ல?"

"நான் பாத்து ஓகே சொன்ன படம் அக்கா. என் பேர்லதான் கட்டுரை. இது வெளிய வந்தா எந்த ஊருலயும் நம்மள மலை ஏற விட மாட்டாங்க. உங்க படத்தை எந்தப் பத்திரிகையும் தொடாது. கயோனுக்கு என்ன பண்ணுவாங்க? ஒரு பன்னி அபராதம் கேப்பாங்க. அதை நானே வாங்கிக் குடுத்துடறேன். ரெண்டு அறுவடை போனா ஊரு மறந்துடும்."

"ஊரு மறக்கும். அவன் மறப்பானா?"

"தகரக் கூரைன்னு சொன்னது நீங்க அக்கா" என்றாள் ஜுரைனா தாழ்ந்த குரலில். "நான் இல்ல."

சியூ யுன் அவள் ஃபோனை வாங்கி அந்தச் சிவப்பு வட்டப் படத்தைத் தன் ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டாள். தொட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, சரிங் மலைக்குப் போகிற வழியிலுள்ள பாவ் ஊர்க் கடைத்தெருவில் வேன் ஏறினாள். மடியில் அசல் படம், பிளாஸ்டிக் உறையில் சுற்றி. வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். படத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும். கயோன் தப்பிவிடுவான். தகரக் கூரைப் பேச்சு ஜுரைனாவுக்கும் தனக்கும் நடுவில் நடந்தது. அதை யாரும் கேட்கப் போவதில்லை. அது அப்படியே புதைந்து போகட்டும். நேர்மையாக இருக்கப் போகிறவர்களும் இப்படி ஒரு மூட்டையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

சபைக் கூடத்தில் கயோன் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தான். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனைவியை முழங்கையால் இடித்தான். "வந்துட்டாங்க பாத்தியா? நான் சொல்லல?" சுதி எழுந்து வந்து சியூ யுன்னின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை உதறவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் சியூ யுன் நின்றாள்.

படத்தைப் பிரித்துப் பாயில் வைத்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"அடேயப்பா, தொட்டா ஒட்டிக்கும் போல இருக்கே" என்றார் ஒருவர்.

"இந்தப் பூவக் காட்டிக் குடுத்தது கயோன் இல்ல" என்றாள் சியூ யுன். குரல் நடுங்கியது. "நான். இந்த மூலையப் பாருங்க. இந்த இலை உலகத்துலயே உங்க மலையில மட்டும்தான் இருக்கு. எனக்குத் தெரியாது. படம் நல்லா இருக்கணும்னு சேத்துட்டேன். இதைப் பாத்துத்தான் திருடன் மலையக் கண்டுபிடிச்சிருக்கான்." ஜுரைனாவின் ஃபோனிலிருந்து அனுப்பி வைத்திருந்த சிவப்பு வட்டப் படத்தையும் தன் ஃபோனில் காட்டினாள்.

ஃபோன் கை மாறி மாறிப் போனது. முன்வரிசையில் ஒரு கிழவி படத்துக்கு மேல் குனிந்தாள். "இது நம்ம புளிச்ச இலையில்ல? மீன்ல போட்டு ஆக்குவோமே. இது வேற எங்கயும் கெடையாதா? எல்லா ஊருலயும் இதைத்தான் திங்கிறாங்கன்னு நெனச்சேன்."

சிலர் சிரித்தார்கள். கூடத்தின் இறுக்கம் தளர்ந்தது. கயோன் கழுத்துப் பொத்தானைக் கழற்றி நீளமாக மூச்சு விட்டான். "அண்ணி, இதுக்கா இப்படி நடுங்குறீங்க? ரெண்டு இலை! நானா இருந்தா பாறையையே வரைஞ்சிருப்பேன்." பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினான். "இப்பவாவது நம்புறீங்களா? என் மக ஜொகூர் ஃபாக்டரியில ராவும் பகலும் நின்னு அனுப்புன பணத்துல தகரம் போட்டா, அதையும் பூ வித்த காசுன்னு கட்டிவிட்டீங்களே!"

தலைவர் ரிகெம் கையை உயர்த்தினார். நிதானமான மனிதர். யாரையும் புண்படுத்த வேண்டும் என்று பேசுகிறவர் அல்ல. அதனால்தான் அது அவ்வளவு சாதாரணமாக வந்து விழுந்தது.

"ஊரு கட்டிவிடல கயோன். தகரத்தப் பத்தி இங்க யாரும் மொதல்ல பேசல. டாக்டரம்மாகிட்ட நான்தான் ஃபோன்ல கேட்டேன், யார் மேல சந்தேகம்னு. அவங்க தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. உங்க குடும்பத்து ஆளே கூரையப் பத்திச் சொல்லுச்சுன்னு. அதுக்கப்புறந்தான் நான் சபையக் கூட்டினேன்."

"குடும்பத்து ஆளா?" கயோன் சுற்றிலும் பார்த்தான். சித்தப்பனைப் பார்த்தான், மைத்துனனைப் பார்த்தான். "எவன் அவன்? எந்திரிச்சு மூஞ்சியக் காட்டுங்கடா."

கயோனின் கண்கள் கூடத்தை ஒரு சுற்று வந்தன. சியூ யுன்னின் மேல் விழுந்தும் நிற்காமல் தாண்டிப் போய்விட்டன. அவளாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதைப் பார்த்த பிறகு அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான்தான் கயோன்."

அவன் புரியாதவனாகச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. சுதி அவள் கையை விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கப்படி நடந்தது. மலைக்கு உண்டான தீட்டுக்குப் படம் வரைந்தவள் ஒரு பன்றி கொடுக்க வேண்டும். கயோன் மேல் குற்றமில்லை. அவன் எப்போதும் போல மலை ஏறலாம். தப்பான பழிக்குத் தனி வழக்கம் இருந்தது. பழி சொன்னவரும் சுமந்தவரும் ஒரே இலையில், சபை பார்க்க, ஒரு கவளம் சேர்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் அதை எடுக்கக் கூடாது.

சுதி வாழையிலையைப் போட்டாள். சோற்றை அதில் தொப்பென்று வைத்தாள். சியூ யுன் ஒரு பக்கமும் கயோன் மறு பக்கமும் குந்தினார்கள். அவள் ஒரு கவளம் எடுத்து விழுங்கினாள். கயோன் இலையின் ஓரத்தில், அவள் விரல் படாத இடத்திலிருந்து, வழக்கம் கேட்கிற அளவு சோறு மட்டும் எடுத்து வாயில் போட்டு விழுங்கினான். ஒரு பருக்கை கூடுதலாக எடுக்கவில்லை. திருநாள்களில் அவள் தட்டிலிருந்து கோழித் துண்டைத் திருடித் தின்கிறவன்.

"முடிஞ்சது" என்றார் தலைவர்.

வேன் நிற்கும் சாலைவரை கயோன் கூடவே வந்தான். வீட்டுக்கு வந்தவர்களைச் சாலைவரை கொண்டுவந்து விடாமல் இருப்பது அந்த ஊரில் இல்லை. படத்தை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். மழை தூறியதும் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மூங்கில் பாலத்தில் அவளுக்கு முன்னால் நடந்து, வழுக்குகிற இடத்தில் நின்று, அவள் தாண்டிய பிறகு நடந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் நடந்து அவள் பார்த்ததே இல்லை.

சாலையில் நின்றபோது அவளால் தாங்க முடியவில்லை. "திட்டிடு கயோன். வாய்க்கு வந்தபடி திட்டு. இப்படி இருக்காத."

அவன் சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்து, உறையின் ஈரத்தைத் தன் வெள்ளைச் சட்டையில் துடைத்து, அவளிடம் கொடுத்தான்.

"படத்துக்கு எனக்குக் கோவம் இல்ல அண்ணி. அந்த இலைய நீங்க தெரியாம போட்டீங்க." வேன் வருகிறதா என்று சாலையைப் பார்த்தான். "என்னை உங்களுக்குத் தெரியுமே."

வேன் வந்தது. அவன் கதவைத் திறந்துவிட்டு, அவள் ஏறி உட்காரும்வரை நின்று, ஓட்டுநரிடம் "பாத்துப் போங்க, வழியெல்லாம் சேறு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அந்த வருட அறுவடைத் திருநாளுக்குக் கோழி வந்தது. மூங்கிலில் வெந்தது, துணியில் சுற்றியது, சூடு ஆறிப்போனது. பாவ் வேன்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.